நுரை வந்த வழி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பேரண்டபள்ளியைத் தாண்டினால் சானமாவுக் காடு வருகிறது. குளிர்காலத்தில் யானைக் கூட்டங்கள் வந்து தங்கும் இடம் என்று செய்தித்தாள் படிப்பவர்கள் இதை அறிவார்கள். யானைகள் வராத நாட்களில் இங்கு நம் கண்ணில் படுவது புழுதிதான். கருங்கல் பாளங்களை ஏற்றிய லாரிகளும், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் வாகனங்களும், பெங்களூர் கார்களும் இரவு பகலாகக் கிளப்பும் புழுதி அது. மாலையில் வீடு திரும்பிய காரின் மேல் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கும்.

உடனே ஒரு துணியை நனைத்துத் துடைக்கத்தான் கை போகிறது. ஆனால், அந்தப் புழுதி எதனால் ஆனது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கருங்கல்லின் முக்கியமான உறுப்புகள் பெல்ஸ்பாரும் குவார்ட்சும் ஆகும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்த மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் அமைத்த அளவில் குவார்ட்சுக்கு 7-ஆம் இடம். சாதாரணப் பேனாக்கத்தியின் இரும்பு அதற்குக் கீழேதான் நிற்கிறது. இன்றைய காரின் மேல் பூசப்படும் நிறமற்ற மேற்பூச்சின் கனமோ ஏறத்தாழ 40, 50 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. ஈரத் துணியால் துடைக்கும்போது நாம் உண்மையில் உப்புக் காகிதத்தால் தேய்க்கிறோம். வெயிலில் காரைச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலைபோல் தெரியும் வட்டக் கீறல்கள் இப்படி வந்தவையே.

பழைய கார்களில் இந்தத் தொல்லை இவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. அவற்றில் நிறமே மேற்பரப்பாக இருந்தது. மெருகுப் பசையைப் போட்டுத் தேய்த்தால் துணியில் நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், கீறலும் போய்விடும். 1980-களிலிருந்து உலகெங்கும் நிறத்தின் மேல் ஒளி ஊடுருவும் தனி மேற்பூச்சு பரவியது. பளபளப்பு கூடியது, கீறலும் கண்ணாடியில் விழுந்த கோடுபோல் பளிச்சென்று தெரியலாயிற்று. தொடுவதற்கு முன்பே முடிந்தமட்டும் புழுதியைக் கழற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இதுவே பெரும் காரணம். அதற்கான வழிகளுள் ஒன்றுதான் இன்று வாட்டர் வாஷ் கடைகளிலும் சில வீட்டு வாசல்களிலும் காணப்படும் ஸ்நோ ஃபோம் என்னும் பனிநுரை. கார் முழுவதும் பாலாடை போர்த்தியதுபோல் வெண்ணுரை படிந்து, சில நிமிடங்களில் அழுக்கோடு வழிந்து இறங்குகிறது.

பெயர் புதிது. தேய்க்கும் முன் ஊறவைத்தல் என்ற கருத்து மிகப் பழையது.

வெள்ளாவியில் தொடங்கிய கலை

நம் சலவைத் தொழிலாளர்கள் துணியை நேரே கல்லில் அடித்ததில்லை. உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, பானை மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்தார்கள். இதற்கு வெள்ளாவி என்று பெயர். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. இந்தக் காரம் துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குடன் சேர்ந்து அதில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். காலையில் ஆற்றில் அலசும்போது அழுக்கு பிடிமானத்தை இழந்திருக்கும். வெள்ளாவியில் நுரை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அங்கே வேலை செய்தவை காரமும் வெப்பமும் நேரமும்.

நுரைக்கு வேறு பொருள்கள் இருந்தன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சாபோனின் என்ற பொருள் நீரில் நன்றாக நுரைக்கும். பொற்கொல்லர்கள் நகைகளைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தூரிகையால் மெல்லத் துலக்குவதைப் பலர் பார்த்திருக்கலாம். மென்மையான உலோகத்தை அரைத்துவிடாமல் அழுக்கை மட்டும் எடுக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது.

சோப்பு என்பது என்ன என்ற கேள்விக்கு வேதியியல் விடை 1823-இல்தான் தெளிவாகக் கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர் செவ்ரல் கொழுப்பை ஆராய்ந்து, அதில் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் அடங்கியுள்ளன என்றும், காரம் அந்த அமிலங்களைப் பிரித்துச் சோப்பாக்குகிறது என்றும் காட்டினார். ஆனால் அந்தச் சோப்பு அழுக்கை எப்படி எடுக்கிறது? இதற்கான வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் பல்கலைக்கழகப் படியேறாத பெண்மணி.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பெற்றோரைப் பேணிக்கொண்டு வீட்டு வேலை பார்த்து வந்தவர் ஆக்னஸ் போக்கெல்ஸ். பாத்திரம் கழுவும் நீரின் மேற்பரப்பில் எண்ணெயும் சோப்பும் செய்யும் மாற்றங்களைக் கவனித்த அவர், ஒரு தகரத் தொட்டியும் சிறு தராசும் கொண்டு பரப்பு இழுவிசையை அளக்கத் தொடங்கினார். சுமார் பத்தாண்டு உழைப்பின் முடிவுகளை 1891-இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதன் மதிப்பை உணர்ந்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, அவ்வாண்டு மார்ச்சில் அது அச்சேறியது. பின்னாளில் லாங்மியூர் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சிக்கு இந்தச் சமையலறைத் தொட்டியும் ஒரு முன்னோடி. பாத்திரம் கழுவுவதை அறிவியலுக்கு அப்பாற்பட்ட வேலையாக நினைப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சோப்பு மூலக்கூறு தலைப்பிரட்டை போன்றது. அதன் தலை நீரை விரும்பும்; நீண்ட வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். நீரின் மேற்பரப்பில் இவை வாலை வெளியே நீட்டி நெருக்கமாக நிற்பதால் பரப்பு இழுவிசை குறைகிறது. நீர் புழுதித் துகளுக்கும் பூச்சுக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்துக்குள் நுழைகிறது. நீருக்குள் இவை வால்களை உட்புறமாக வைத்துச் சிறு கோளங்களாகத் திரள்கின்றன. 1913-இல் மக்பெயின் என்பவர் இவற்றை மிசெல் என அழைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு இக்கோளங்களுக்குள் சிறைப்படுகிறது. கவனியுங்கள், இதுவரை நுரை என்ற சொல்லே வரவில்லை! அழுக்கை எடுப்பது நுரையன்று, நீரில் கரைந்துள்ள மூலக்கூறு. தொழிற்சாலைகளில் உலோகத் தகடுகளுக்கு வர்ணம் பூசுமுன் பீச்சிக் கழுவும் கரைசல்கள் வேண்டுமென்றே நுரைக்காதவையாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆனாலும் நுரைக்காத சோப்பை நம் வீடுகளில் யாரும் நம்புவதில்லை.

அப்படியானால் காருக்கு நுரை எதற்கு? நீரைப் பிடித்து வைப்பதற்கு. காரின் பக்கவாட்டில் ஊற்றிய சோப்பு நீர் ஒரு நொடியில் தரைக்கு வந்துவிடும். அதே நீரைக் காற்றோடு கலந்து நுரையாக்கினால் செங்குத்துப் பரப்பிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வடியும். வெள்ளாவிப் பானை தந்த ஊறும் நேரத்தை இங்கே நுரை தருகிறது. இந்தப் பண்பைத் தீயணைப்பாளர் முன்பே அறிந்திருந்தனர். பாகு எண்ணெய் வயல்களின் தீயைக் கண்ட ரஷ்யப் பொறியாளர் லோரான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எரியும் எண்ணெயை நுரையால் போர்த்தி அணைத்துக் காட்டினார். நீர் எண்ணெயின் அடியில் போய்விடும், நுரை மேலே நிற்கும்.

வீட்டில் பயன்படும் நுரைத் துப்பாக்கியின் உள்ளே அதிசயம் ஏதுமில்லை. அழுத்த நீர் ஒரு குறுகிய துளை வழியே விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797-இல் விளக்கிய விளைவு இது. அந்தக் குறைவு, அடியிலுள்ள புட்டியிலிருந்து சோப்புக் கரைசலை உறிஞ்சுகிறது. பக்கத் துளை வழியே காற்றும் சேர்கிறது. கலவை ஒரு கம்பி வலைக்குள் புகுந்து நுரையாக வெளிவருகிறது. அழுத்த நீர்ப் பம்பு நெடுங்காலம் பட்டறைகளில் மட்டும் இருந்தது. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1984-இல் வீட்டுக்கான கைப்பெட்டி அளவுப் பம்பை வெளியிட்ட பிறகே அது குடும்பத் தலைவர்களின் கைக்கு வந்தது.

செய்முறையைச் சுருங்கச் சொல்வோம். காரை நிழலில் நிறுத்தி, உலோகம் ஆறிய பின் வெறும் நீரைப் பீச்சித் தளர்ந்த மண்ணை இறக்குங்கள். ஒரு லிட்டர் புட்டிக்குச் சுமார் 50 முதல் 100 மில்லி கார் ஷாம்பு போதும். நுரையைப் பரப்பி நாலைந்து நிமிடம் விடுங்கள். காய விடக்கூடாது; காய்ந்தால் அழுக்கும் சோப்பும் சேர்ந்து திட்டாகப் படியும். பிறகு நீரைப் பீச்சிக் கழுவுங்கள். துணிச் சலவைத்தூள் இதற்கு ஏற்றதன்று. அதன் காரம் மெழுகுப் பூச்சை அரித்துவிடும். எல்லா அழுக்கும் இதில் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மெல்லிய பிசுக்கு ஒன்று மிஞ்சும். அதற்குக் கை வைத்தே தீர வேண்டும். கீறும் மணல் முன்பே போயிருக்கும் என்பதே இதன் பயன்.

போகும் வழி

வழிந்து இறங்கிய நுரை எங்கே போகிறது? இதற்கு விடை தேட நுரையின் இன்னொரு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

சோப்பு கடின நீரில் நுரைக்காது. நீரிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து தயிர்போல் திரிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரில் கொழுப்புத் தட்டுப்பாடு கண்ட ஜெர்மானியர் கரித்தாரிலிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டு மாற்று அழுக்குநீக்கிகளைச் செய்தனர். அமெரிக்காவில் 1946-இல் டைட் வந்தது. இந்தியாவில் 1959-இல் சர்ப், 1969-இல் நிர்மா. பெட்ரோலியத்திலிருந்து பிறந்த இவை எந்த நீரிலும் நுரைத்தன.

ஆனால் 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளிலும் நுரை மலைகள் எழுந்தன. காரணம் அன்றைய சலவைத்தூளின் மூலக்கூறில் இருந்தது. அதன் வால் நேராக இல்லாமல் மரக்கிளைபோல் கவைத்திருந்ததால், பாக்டீரியாக்களால் அதைக் கடித்து உண்ண முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் முதல் சிதையாத அழுக்குநீக்கிகளைத் தடுத்தது. அமெரிக்க நிறுவனங்கள் 1965-இல் நேரான வாலுக்கு மாறின. இந்த நேர்வால் பொருளுக்கான மூலப்பொருளை, மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த பாரபின்களையும் பென்சீனையும் கொண்டு, சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ் நிறுவனமும் தயாரிக்கிறது.

சிக்கல் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்பதைச் சானமாவுக்காரர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்.

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு நெடுஞ்சாலையைக் கடந்து கிருஷ்ணகிரி அணையை நோக்கிச் செல்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிநீரும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. அந்நகரின் கழிவுநீரில் பெரும் பகுதியை நெடுங்காலம் சுமந்தவை அவ்வேரிகள். 2015-இல் பெல்லந்தூர் நுரை சாலையில் பறந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அந்த நுரையே தீப்பிடித்ததைக் கண்டு உலகம் திகைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் தானாகவே இதை வழக்காக எடுத்தது.

நேரான வால் சிதையும் என்றோமே? சிதையும், ஆனால் அதை உண்ணும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். சாக்கடை நிறைந்த ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அழுக்குநீக்கி சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. பெருமழையில் அந்தச் சேறு கலங்கும்போது சேமிப்பு மேலே வருகிறது என்றும், மழைநீரோடு வரும் பாக்டீரியாக்கள் நுரையை உடையாமல் தாங்குகின்றன என்றும் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். மழையில் நுரை குறையாமல் கூடுவது இதனால்தான்.

இனி அணையைப் பாருங்கள். நீரில் அழுக்குநீக்கி இருக்கிறது. மதகின் குறுகிய வாயில் அது விரைகிறது. கீழே விழும்போது காற்றைச் சுருட்டிக்கொள்கிறது. நுரைத் துப்பாக்கியில் நாம் கண்ட மூன்றும் இங்கே உள்ளன. புட்டிக்குப் பதிலாக ஒரு மாநகரம் இருக்கிறது, அவ்வளவே.

ஒரு காரின் நுரை அந்த மலையில் ஒரு குமிழிகூட ஆகாது. துணி துவைத்த நீரும் குளித்த நீரும் ஆலைக் கழிவும்தான் அதன் பெரும் பங்கு. கார் கழுவுபவர்களைப் பழிப்பது எளிது, பயனற்றது. சுத்திகரிப்பு நிலையங்கள் அரசுகளின் கையில் உள்ளன. இருந்தாலும் நம் கையில் ஒன்று உண்டு. காரைச் சாக்கடையை ஒட்டி நிறுத்தாமல், கிணறும் குளமும் அருகில் இல்லாத மண் தரையிலோ ஜல்லி பரப்பிய இடத்திலோ கழுவலாம். காற்றோட்டமுள்ள மேல்மண்ணில் நேர்வால் அழுக்குநீக்கி, ஏரிச் சேற்றில் கிடைக்காத ஆக்சிஜனைப் பெற்றுச் சிதைகிறது. வாட்டர் வாஷ் கடைகளுக்கு மண் தரை போதாது. மணலும் எண்ணெயும் தங்கும் தொட்டியைக் கட்டி, நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதே அவர்களுக்கு வழி.

கெலவரப்பள்ளியில் மதகு திறந்த மழைநாட்களில் நந்திமங்கலம் பக்கத் தரைப்பாலத்தில் ஆளுயரத்துக்கு நுரை ஏறிப் போக்குவரத்து நின்றுபோனது உண்டு. தீயணைப்பு வண்டி வந்து அதன் மேல் வெறும் நீரைப் பீச்சிக் கலைத்தால், கலைந்த நுரை மறுபடி ஆற்று நீராகிக் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போகிறது.