வானம்பாடி இயக்கம்

வானம்பாடி இயக்கம் என்பது 1970களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு தோன்றிய தமிழ்ப் புதுக்கவிதை இயக்கமாகும். தம் கவிதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டி, விவாதித்து, ஊக்குவித்து வந்த நண்பர்கள் 1971இல் வெளியிட்ட 'வானம்பாடி' இதழின் பெயராலேயே இவ்வியக்கம் அறியப்படுகிறது. இக்கவிஞர்கள் 'வானம்பாடிகள்' என அழைக்கப்பட்டனர்.

பின்னணி

ந. பிச்சமூர்த்தி, கு. ப. ராஜகோபாலன் ஆகியோர் 1930களிலேயே யாப்பை விடுத்துக் கவிதை எழுதினர். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் அம்முயற்சியைப் புதுக்கவிதையாக வளர்த்தது. எனினும் சிற்றிதழ் வாசகர் வட்டத்தைத் தாண்டி அது அதிகம் பரவவில்லை. மறுபுறம், மரபுக் கவிதை கவியரங்க மேடைகளில் பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது. வானம்பாடிகளுள் பலர் தமிழ் கற்பித்த ஆசிரியர்கள், யாப்பு அறிந்தவர்கள். அவர்கள் 'எழுத்து' வளர்த்த வடிவத்தையும் கவியரங்கத்தின் குரலையும் இணைத்தனர்.

கவிஞர்கள்

புவியரசு, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சிற்பி பாலசுப்பிரமணியம், மு. மேத்தா, தமிழ்நாடன், சக்திக்கனல், கங்கைகொண்டான், ஈரோடு தமிழன்பன் முதலியோர் இவ்வியக்கத்தைச் சார்ந்தவர்கள். 1971இல் மேத்தாவுக்கு வயது 26, சிற்பிக்கு 35, ஞானிக்கு 36. வயதில் மூத்தோரும் இளையோரும் ஒரே மேடையிலும் ஒரே இதழிலும் இடம்பெற்றனர்.

இதழ்

'வானம்பாடி' தன்னை 'விலையிலாக் கவிமடல்' என்று அறிவித்துக்கொண்டது. விலை குறிக்கப்படாதது, விலை மதிப்பற்றது என்னும் இரு பொருளையும் அத்தொடர் தருகிறது. இதழ் இலவசமாக வழங்கப்பட்டதால் விற்பனைக்காக எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. அதேவேளை விற்பனை வருவாய் இல்லாததால் இதழின் வாழ்வு நண்பர்களின் உழைப்பையும் உதவியையுமே சார்ந்திருந்தது. இயக்கக் கவிஞர்களின் கவிதைகள் 'வெளிச்சங்கள்' என்னும் தொகுப்பாகவும் வெளிவந்தன.

கவிதைப் போக்கு

வறுமை, சாதி, சுரண்டல், மானுட விடுதலை ஆகியன முதன்மையான பாடுபொருள்கள். மார்க்சியத்தின் தாக்கம் வலுவாக இருந்தது. படிமமும் உருவகமும் மிகுந்த, உரத்துப் படிப்பதற்கேற்ற நடை இவர்களுடையது. கவியரங்கில் அவையோர் தமக்குப் பிடித்த வரியை மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். ஒருமுறை கேட்டவுடன் மனத்தில் பதியும் வரிகளுக்கு அங்கே உடனடி வரவேற்பு கிடைத்தது. இவர்களது நடையில் இதன் செல்வாக்கைக் காணலாம்.

விமர்சனம்

இயக்கத்தின் பலமாக அமைந்த இதுவே குறையாகவும் சுட்டப்பட்டது. வெங்கட் சாமிநாதன் உள்ளிட்ட விமர்சகர்கள் வானம்பாடிக் கவிதைகளைக் கடுமையாக விமர்சித்தனர். உரத்த குரல், அலங்காரச் சொற்கள், அனுபவத்தில் விளையாத கோபம் ஆகியன இக்கவிதைகள் மீது பொதுவாகக் கூறப்படும் குறைகளாகும். கைதட்டல் கவிஞருக்குத் துணிவைத் தரும். ஆனால் எந்த வரியை நீக்க வேண்டும் என்பதை அது சொல்லாது என்பதே இவ்விவாதத்தின் சாரம் எனலாம். புதிய வாசகர்களைக் கவிதைக்குக் கொண்டுவந்தது இந்நடையே என்பது ஆதரவாளர்களின் பதிலாகும்.

பிளவு

இயக்கத்திற்கு உள்ளேயும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. மார்க்சிய அரசியலை அழுத்தமாக முன்வைக்க விரும்பியோரும் பொதுவான மனிதநேயப் பார்வை போதுமெனக் கருதியோரும் நாளடைவில் விலகினர். ஞானி பின்னர் 'பரிமாணம்', 'நிகழ்' ஆகிய இதழ்களின் வழியாகத் திறனாய்வாளராக அறியப்பட்டார். அவர் 2020இல் காலமானார்.

தாக்கம்

1974இல் வெளிவந்த மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' பல பதிப்புகளைக் கண்டது. கல்லூரி மாணவர்களிடையே புதுக்கவிதை எழுதும் ஆர்வம் பரவியதில் வானம்பாடிகளின் பங்கு பெரிது.

இவ்வியக்கத்தைச் சார்ந்த கீழ்க்கண்டோர் சாகித்திய அகாதமி விருது பெற்றுள்ளனர்:

சிற்பி – ஒரு கிராமத்து நதி (2002)
ஈரோடு தமிழன்பன் – வணக்கம் வள்ளுவா (2004)
மு. மேத்தா – ஆகாயத்துக்கு அடுத்த வீடு (2006)
புவியரசு – கையொப்பம் (2009)

சிற்பிக்கு 2022இல் பத்மசிறீ விருதும் வழங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

எழுத்து (இதழ்)
கசடதபற (இதழ்)
புதுக்கவிதை
கவியரங்கம்