நடுநிலை ஹைட்ரஜன் தேடலும் ஊட்டித் தொலைநோக்கியும்

நடுநிலை ஹைட்ரஜன் என்பது மின்னேற்றம் இல்லாத ஹைட்ரஜன் அணுக்களால் ஆன வாயு. பல விண்மீன் பேரடைகளில் இது ஒளிரும் பகுதியைத் தாண்டி வெகுதூரம் பரவிக் கிடக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அணுவிலுள்ள எலெக்ட்ரானின் தற்சுழற்சித் திசை மாறும்போது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது 1420.4 மெகாஹெர்ட்ஸில், மிக மெல்லிய ரேடியோ அலை எழுகிறது. ஓர் அணுவில் இது நிகழச் சராசரியாக 1 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அணுக்கள் எண்ணிலடங்காதவை என்பதால்தான் நம் கருவிகளுக்கு எட்டுகிறது. டச்சு வானியலர் வான் டி ஹல்ஸ்ட் 1944இல் முன்கூட்டிச் சொன்ன இந்த அலையை 1951 மார்ச்சில் ஹார்வர்டில் ஈவனும் பர்செல்லும் பதிவு செய்தனர்.

இந்தியத் தேடலின் வேர் நீலகிரியில் இருக்கிறது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 இரும்புச் சட்டங்களின் மேல் சுமார் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. மலைச்சரிவின் சாய்வும் அவ்வளவே. அதனால் தொலைநோக்கியின் நீள் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு வான்பொருளைச் சுமார் 9½ மணி நேரம் தொடரலாம். மலையையே கருவியின் உறுப்பாக்கிய இந்த யோசனைக்கு ஈடானவை நம் அறிவியல் வரலாற்றில் வெகு சில.

ரேடியோ மூலங்களை நிலவு மறைக்கும் நேரத்தைக் கொண்டு அவற்றின் கோண அளவைக் கணிக்கவே இது கட்டப்பட்டது. ஆனால் இதன் அலைவரிசையான சுமார் 327 மெகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஹைட்ரஜன் அலை, அண்ட விரிவால் நீண்டு இன்று அங்கேதான் வந்து சேரும். ரவி சுப்பிரமணியனும் ஸ்வரூப்பும் அந்தத் தொல்வாயுத் திரள்களைத் தேடி 1990இல் முடிவுகளை வெளியிட்டனர், வாயு அகப்படவில்லை.

அதே வேட்கையே புனேக்கு வடக்கே கோடாடில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களாக, ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியாக வளர்ந்தது. என்ஜிசி 3741 என்ற குறும்பேரடையின் வாயுத் தட்டு அதன் ஒளிரும் பகுதியைவிடச் சுமார் 8 மடங்கு பரந்தது என 2005இல் இத்தொலைநோக்கி வழியே தெரிந்தது. 2020இல் ஏஜிசி 203001 பேரடையைச் சுற்றி, சுமார் 3,80,000 ஒளியாண்டு விட்டமுள்ள ஹைட்ரஜன் வளையம் கண்டறியப்பட்டது. அதில் ஒளிரும் விண்மீன்களுக்கு அறிகுறியே இல்லை.

ராட்சதத் தொலைநோக்கி பின்னர் மேம்படுத்தப்பட்டது. எஸ்கேஏ என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டத்திலும் இந்தியா பங்கேற்கிறது.