கொள்வினை கொடுப்பினையின் பிடி

சீனத்தில் பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிக் குறுக்கும் வழக்கம் பத்தாம் நூற்றாண்டில் அரசவை நடனப் பெண்களிடம் தொடங்கியது என்பது மரபுச் செய்தி. பிறகு அது மேட்டுக்குடி வீடுகளுக்குள் நுழைந்து, காலப்போக்கில் உழவர் வீடு வரை இறங்கியது. ஐந்தாறு வயதுச் சிறுமியின் பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலோடு மடக்கி, நீண்ட துணிப்பட்டையால் நாளுக்கு நாள் இறுக்குவார்கள். எலும்பு முறியும், சீழ் பிடிக்கும். கட்டியவள் பெரும்பாலும் பெற்ற தாய். அந்த வலி இன்னதென்று அறிந்தவள். கட்டாவிட்டால் மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமையாது என்ற அச்சம் அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

ஆணைகளால் இந்த அச்சத்தைத் தொட முடியவில்லை. மஞ்சு இனப் பெண்கள் பாதம் கட்டியதில்லை. அந்த இனத்தைச் சேர்ந்த பேரரசர் காங்சி 1660களில் இவ்வழக்கத்துக்குத் தடை விதித்தார். சில ஆண்டுகளிலேயே தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. வயல்வேலை செய்த ஹக்கா இனப் பெண்களும் பாதம் கட்டாமலே வாழ்ந்தனர். மாற்று வழி கண்ணெதிரே இருந்தும் மற்றவர்கள் அதைப் பின்பற்றவில்லை.

1870களின் நடுவில் சியாமென் நகரில் ஜான் மெக்கோவன் என்ற பாதிரியார் கிறித்தவப் பெண்களைக் கூட்டி, மகள்களின் பாதத்தைக் கட்டுவதில்லை என்று உறுதிமொழி வாங்கினார். 1895இல் அலிசியா லிட்டில் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஷாங்காயில் ‘இயற்கைப் பாதச் சங்கம்’ அமைத்தார். 1897இல் அதே நகரில் லியாங் சிச்சாவ் முதலிய சீன அறிஞர்கள் தொடங்கிய சங்கத்தின் விதிகள் இன்னும் கூர்மையானவை. உறுப்பினர் தம் மகளுக்குப் பாதம் கட்டக் கூடாது என்பதோடு, பாதம் கட்டிய பெண்ணைத் தம் மகனுக்கு எடுக்கவும் கூடாது. உறுப்பினர் குடும்பங்கள் தமக்குள் சம்பந்தம் செய்துகொள்ளலாம். மருத்துவ விளக்கங்களும் துண்டறிக்கைகளும் தாயின் மனத்தை இளக்கியிருக்கலாம். அவளைத் துணிய வைத்தது பிள்ளை வீட்டார் கொடுத்த இந்த வாக்குதான்.

1902இல் பேரரசி சிக்சியின் அறிவுரை ஆணையும், 1912இல் குடியரசின் தடையும் வந்தன. வட சீனத்தின் திங்சியன் வட்டாரத்தில் சிட்னி கேம்பிள் 515 குடும்பங்களிடம் எடுத்த கணக்கு, வழக்கம் எவ்வளவு வேகமாக வீழ்ந்தது என்பதைக் காட்டும். 1890க்கு முன் பிறந்த பெண்களில் 99 விழுக்காட்டினருக்குப் பாதம் கட்டப்பட்டிருந்தது. 1919க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆலை நூல் வந்தபின், சிறுமிகளை வீட்டில் உட்காரவைத்து நூற்கச் செய்யும் தேவை குறைந்ததும் ஒரு காரணம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. வெற்றியிலும் கசப்பு கலந்திருந்தது: குடியரசுக் கால அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று முதிய பெண்களின் கட்டுகளை அவிழ்க்கச் செய்ததில் அந்தப் பெண்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல.

1996இல் ஜெரி மேக்கி என்ற அரசியல் அறிஞர் இந்த வரலாற்றை ஆப்பிரிக்காவின் பெண்ணுறுப்புச் சிதைப்பு வழக்கத்தோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். இரண்டையும் தாங்கி நிற்பது திருமணச் சந்தை. ஒரு குடும்பம் மட்டும் விலகினால் அதன் மகள் பாதிக்கப்படுவாள். கொண்டு கொடுக்கும் குடும்பங்கள் சேர்ந்து விலகினால் வழக்கம் விரைவில் சரியும் என்பது அவர் முடிவு.

அந்தக் கட்டுரையை அறியாமலே மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் சிலர் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். மோலி மெல்ச்சிங் என்பவர் 1991இல் தொடங்கிய தோஸ்தான் அமைப்பு, கிராமத்துப் பெண்களுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே எழுத்தறிவு, உடல்நலம், உரிமைகள் குறித்து வகுப்புகள் நடத்தியது. மாலிகுண்டா பம்பாரா ஊர்ப் பெண்கள் அந்த வகுப்புகளில் பேசிப் பேசி, அதுவரை வெளியில் பேசக் கூசிய ஒன்றைத் தாங்களே முடிவு செய்தார்கள். 1997 ஜூலை 31 அன்று தங்கள் ஊரில் சிதைப்பைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஏச்சும் வந்தது.

கேர் சிம்பாரா ஊர் இமாம் தெம்பா தியவாரா இதிலிருந்த ஓட்டையைக் கண்டார். அவருடைய ஊர்க்காரர்கள் பல ஊர்களில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். தம் ஊர் மட்டும் விட்டுவிட்டால் போதாது. உறவு ஊர்களுக்கு அவர் நடந்தே போனார். யாரையும் பழிக்காமல், கட்டளையிடாமல் பேசினார். 1998 பிப்ரவரியில் தியாபுகு என்னும் ஊரில் 13 கிராமங்கள் சிதைப்பைக் கைவிடுவதாகக் கூட்டாக அறிவித்தன. மேக்கியும் தோஸ்தானும் தொடர்புகொண்டது இதற்குப் பிறகே. இமாம் நடந்து கண்டறிந்ததும் அறிஞர் ஏடுகளில் கண்டறிந்ததும் ஒன்றாக இருந்தன.

1999 ஜனவரியில் செனகல் அரசு தடைச் சட்டம் இயற்றியது. பல்லாயிரம் ஊர்கள் பின்னர் அறிவிப்புச் செய்தன. ஆனாலும் திங்சியனில் நடந்ததுபோல் ஒரே தலைமுறையில் அது மறையவில்லை. தேசியக் கணக்கெடுப்புகளின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் சிதைப்புக்கு உள்ளானோர் 2005இல் 28 விழுக்காடு, 2019இல் 25 விழுக்காடு. சிறுவயதில் நடந்துவிட்டதை மாற்ற முடியாது என்பதால் இந்த எண் மெதுவாகத்தான் இறங்கும். இன்னொரு தடையும் உண்டு: எல்லையோர மக்களுக்கு காம்பியா, மாலி, கினி நாடுகளில் உறவு உண்டு. பெண் கொடுக்கல் வாங்கல் அங்கும் நடக்கிறது. மாலியில் இதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. காம்பியா 2015இல் கொண்டுவந்த தடையை நீக்கும் முயற்சி 2024 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தோற்றது.