மிளகும் மிளகாயும்

சங்க இலக்கியம் பயிலும் வகுப்பொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு பிழையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து கறியொடு மீண்ட செய்தியை முசிறித்துறை பற்றிக் கூறும் அகநானூற்று 149-ஆம் பாட்டு அறிஞர் பலரும் அறிந்தது. முதுகலை மாணவர் ஒருவர் அப்பாட்டிற்கு எழுதிய விளக்கத்தில், யவனர் தமிழகத்துக் காய்கறிகளை விரும்பி வாங்கிச் சென்றனர் என்று கூறிவிட்டார். வகுப்பில் நகை எழுந்தது. ஈண்டுக் கறி என்றது மிளகை என யாம் திருத்தினோம். அம்மாணவரோ, "மிளகைக் குறித்த சொல் எப்படி ஐயா வாழைக்காயையும் கத்தரிக்காயையும் குறிக்கலாயிற்று?" என்று வினவினார். நகைத்தவர் அடங்கினர். எமக்கும் உடனே விடை தோன்றவில்லை.

சோழர் கல்வெட்டுக்களில் இறைவனுக்குரிய படையலைக் கூறுமிடத்துக் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்னும் தொடர்கள் பயின்று வருகின்றன. அங்கெல்லாம் கறி என்பது சோற்றுடன் கூட்டி உண்ணும் துணையுணவே. மிளகு வேறாக எண்ணப்படுகின்றது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுக்களிலும் மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு, தயிர், வாழைப்பழம் என்றாங்குப் பொருள்கள் தனித்தனியே அளவிட்டுக் கூறப்பட்டுள்ளன. ஆகவே கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்திற்குள் இப்பொருள் வேறுபாடு நிலைபெற்றுவிட்டது எனலாம். கறித்தல் என்னும் வினையினின்று இச்சொல் பிறந்தது என்பாரும் உளர். மிளகிட்டுச் சமைத்தமையால் அப்பண்டம் கறி எனப் பெயர்பெற்றது என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும், உறைப்புச் சுவைக்கு மிளகே தலைமை தாங்கிய ஓர் அடுக்களையை இச்சொல் தன்னுள் அடக்கி வைத்துள்ளது. இஞ்சியும் சுக்கும் திப்பிலியும் கடுகும் அதற்குத் துணை நின்றன. மிளகாய் அன்று இல்லை.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசு 1492-இல் அக்கண்டத்துத் தீவுகளை அடைந்தார். வாசுகோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டிற்கு வந்தார். கப்ரால் 1500-இல் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு அதே செலவில் கோழிக்கோட்டையும் அடைந்தார். போர்த்துக்கீசியர் 1510-இல் கோவாவைக் கைக்கொண்டனர். இவ்விருபது ஆண்டுகளுக்குள் இரு கடல்களுக்கும் இடையே வழி திறந்துவிட்டது. அவ்வழியாக வந்த செடிகொடிகளைத் தமிழர் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதே எம் ஆராய்ச்சிக்குரியது.

மிளகாய் என்னும் பெயரே இதற்குத் தக்க சான்று. மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின் அது மிளகாய் ஆயிற்று. கன்னடத்தில் மெணசு என்பது மிளகு. மெணசினகாயி என்பது மிளகாய். தெலுங்கில் மிரியம் என்பதற்கு அருகில் மிரபகாய நிற்கின்றது. மலையாளத்தில் நிகழ்ந்ததோ இன்னும் சுவையுடையது. புதிதாக வந்த மிளகாய் முளகு என்னும் பெயரையே தனக்கு உரியதாக்கிக்கொண்டது. பழைய உரிமையாளனாகிய மிளகு குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழி பெற்றுப் பிழைக்க நேர்ந்தது. கன்னியாகுமரிப் பகுதியில் இன்றும் மிளகை நல்லமிளகு என்றே கூறுவர். ஈழத்தில் மிளகாய்க்குக் கொச்சிக்காய் என்னும் பெயரும் வழங்குகின்றது. அப்பெயர் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது.

மிளகாய் இத்துணை விரைவில் பரவியமைக்குக் காரணம் அதன் சுவை மட்டுமன்று. மிளகுக்கொடி மழைவளம் மிக்க மலைச்சாரலிலன்றி நன்கு வளர்வதில்லை. மலையை அடுத்து வாழாத தமிழக உழவன் அதனைப் பொருள் கொடுத்தே பெறவேண்டும். கடல் கடந்த நாட்டினர் பொன் கொடுத்து வாங்கும் பொருளை அவனும் வாங்கவேண்டுமாயின் விலை எளிதாக இராது. மிளகாயோ வீட்டுக் கொல்லையிலும் வளரும்; இராமநாதபுரத்துக் கரிசலிலும் வளரும்; வெயிலில் உலர்த்தி வைத்தால் ஆண்டு முழுதும் உதவும். அந்நிலத்து முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றமை யாவரும் அறிந்ததே. உறைப்புச் சுவையை ஏழையின் கலத்திற்குக் கொணர்ந்தது மிளகாய் என்று கூறின் அது மிகையாகாது. பழங்கஞ்சிக்கு ஒரு பச்சைமிளகாய் போதும் என்னும் நிலை மிளகின் காலத்தில் இருந்திருக்க இயலாது.

ஏனைய வரவுகளின் பெயர்களையும் சிறிது நோக்குவாம். அன்னாசி, பப்பாளி, கொய்யா ஆகியன வந்த பெயருடனேயே நம் நாவிற்கேற்பத் திரிந்தன. வேறு சில, வந்த வழியைத் தம் நெற்றியில் எழுதிக்கொண்டன. நிலக்கடலையைத் தென்னார்க்காட்டுப் பகுதியினர் மணிலாக்கொட்டை என்பர். மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்பன அதன் மரூஉக்கள். மெக்சிகோ நாட்டுக்கும் மணிலாவிற்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய இசுப்பானியக் கப்பல்களின் நினைவு ஓர் உழவனின் வாய்மொழியில் இங்ஙனம் ஒலிக்கின்றது. மலையாளிகள் அதே கடலையைக் கப்பலண்டி என்று கூறி, ஊரை விடுத்துக் கப்பலை மட்டும் நினைவிற் கொண்டனர். பரங்கிக்காய் பரங்கியரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பழைய பெயரைப் புதிய பொருள் எடுத்துக்கொண்ட இடங்களே ஆராய்ச்சியாளர் மிக விழிப்புடன் இருக்கவேண்டியவை. தக்காளி என்பது நம் நாட்டுச் சிறுசெடிகளுக்கு முன்பே வழங்கிய பெயர். மணத்தக்காளி அதற்குச் சான்று. பின்னர் வந்த பெரும்பழம் சீமைத்தக்காளி எனப்பட்டு, நாளடைவில் சீமையை உதிர்த்துவிட்டது. முந்திரி என்பது கொடியில் காய்க்கும் திராட்சைக்கும் உரிய பெயர். மரத்தில் காய்ப்பது வந்தபின் முன்னது கொடிமுந்திரி ஆயிற்று. 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரி என்னும் கீழ்வாய் எண்ணும் உண்டு. கல்வெட்டில் நில அளவாக வரும் முந்திரியைக் கண்டு முந்திரித்தோப்பு என்று மயங்கியவரையும் யாம் அறிவோம். வள்ளி என்பது பழந்தமிழ்க் கொடி. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் அதன் பெயரால் குடியேறியவை. ஒரு நூலில் இச்சொற்களுள் ஒன்று வந்த துணையானே அந்நூலைப் பிற்காலத்ததென்றோ, அப்பொருள் பண்டே இங்கு இருந்ததென்றோ முடிவு கட்டுதல் தவறு.

இவற்றை ஏட்டளவில் எழுதிவிடுதல் எளிது. உண்டு பார்த்தல் வேண்டும் என்னும் ஆர்வத்தால், 1498-க்கு முன் இந்நாட்டில் இருந்த பொருள்களை மட்டும் கொண்டு ஒருநாள் சமைப்பது என்று எம் இல்லத்தில் துணிந்தோம். பட்டியல் எழுதிக்கொண்டு காய்கறிச் சந்தைக்குச் சென்றோம். அங்கே பட்டியல் பயன்படவில்லை. கடைக்காரப் பெண்மணி தம் கடையை நாட்டுக்காய் என்றும் இங்கிலீஷ் காய் என்றும் இரண்டாகப் பகுத்திருந்தார். காரட்டும் முட்டைக்கோசும் பீன்சும் இரண்டாம் பகுதியில் இருந்தன. பரங்கிக்காயும் பச்சைமிளகாயும் நாட்டுக்காய்களோடு இருந்தன. தக்காளியிலோ நாட்டுத்தக்காளி, பெங்களூர்த்தக்காளி என இரு வகை! பெங்களூர்க் கத்தரிக்காய் என்று அவர் எடுத்துக் காட்டிய சௌசௌவும் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்ததே. இறுதியில் வாழைக்காயும் கத்தரிக்காயும் அவரைக்காயும் சேனைக்கிழங்கும் வாங்கி மீண்டோம். கடலையெண்ணெயை விலக்கி நல்லெண்ணெய் கொண்டோம். தாளிக்கும்போது கை தானே மிளகாய் வற்றலை நாடியது. மிளகும் சீரகமும் கடுகும் இட்டுத் தாளித்தாயிற்று. மிளகு ரசம் சிறப்பாகவே அமைந்தது. ஆங்கிலேயர் மிளகுத்தண்ணியைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்று 'மல்லிகட்டானி' எனப் பெயரிட்டுக் குடித்தமை வியப்பன்று. ஆனால் சேனைக்கிழங்கு வறுவலை உண்ட எம் மக்கள், 'இன்று திவசமா?' என்று கேட்டனர்.

அவ்வினாவே எம்மை அடுத்த படிக்கு இட்டுச் சென்றது. சில குடும்பங்களில் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகே சேர்ப்பர். உருளைக்கிழங்கும் தக்காளியும் முட்டைக்கோசும் காரட்டும் அன்று விலக்கு. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் இட்டிலியில் மிளகும் சீரகமும் சுக்குமே உறைப்பைத் தருகின்றன. ஒரிசாவில் பூரிச் சகந்நாதர் மடைப்பள்ளியிலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றிற்கு இடமில்லை. இவற்றைக்கொண்டு, சடங்கு சார்ந்த அடுக்களை 1498-க்கு முந்திய உணவை அவ்வாறே காத்துவந்துள்ளது என்று யாம் முடிவு செய்தோம். ஒரு சொற்பொழிவிலும் அவ்வாறே உரைத்தோம். கல்வெட்டினும் உறுதியான சான்று கிடைத்துவிட்டது என்னும் களிப்பு எமக்கு.

அக்களிப்பு நெடிது நிற்கவில்லை. எண்பது அகவையைக் கடந்த எம் பெரியம்மா, எங்கள் குடும்பத் திவசங்களுக்கு நெடுங்காலம் சமைத்தவர். அவரிடம் இம்முடிவைப் பெருமையுடன் கூறினோம். அவர் சமையற் பட்டியலை விரல்விட்டு எண்ணினார்: வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பிரண்டைத் துவையல். ஆறாவதில் யாம் அவரை நிறுத்தினோம். அது அமெரிக்கக் கிழங்கு என்றோம். "போடா தம்பி, எங்க பாட்டியே போட்டா" என்பது அவர் விடை. பின்னர்த் திருவாதிரைக் களியுடன் படைக்கும் ஏழுகறிக் கூட்டையும் பொங்கற் கூட்டையும் நினைவுபடுத்தினார். பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் இல்லாமல் அவை ஏது? மார்கழிக் கோலத்தில் சாணியுருண்டைமேல் பரங்கிப்பூவையும் வைக்கின்றோமே என்பது அதன்பின்னரே எமக்குத் தோன்றிற்று.

ஆகவே எம் முடிவைத் திருத்துதல் கடனாயிற்று. வந்த காலமே விலக்கிற்குக் காரணமாயின் மிளகாயும் சர்க்கரைவள்ளியும் ஒரு நீர்மையவாக நடத்தப்பட்டிருத்தல் வேண்டும், அவ்வாறில்லை. அயற்பெயர் காரணமாயின் பரங்கிக்காயன்றோ முதற்கண் விலக்கப்பட்டிருக்கும்? மிளகாயின் பெயரோ தூய தமிழ். ஆதலின் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

புதுப்பொருள் அடுக்களையில் யாருடைய இடத்திற்கு வந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது. மிளகாய் மிளகின் தொழிலைச் செய்ய வந்தது. தக்காளி புளியின் தொழிலைச் செய்ய வந்தது. மிளகும் புளியும் படையலில் பெயர்சுட்டி அளக்கப்பெற்ற பொருள்கள். அவற்றின் இருக்கையில் வேறொன்று அமர்வதைச் சடங்கு ஒப்பவில்லை. சர்க்கரைவள்ளி எவரையும் அகற்றவில்லை. வள்ளியும் சேனையும் சேம்பும் இருந்த கிழங்குக் குடும்பத்தில் மற்றொன்றாகச் சேர்ந்தது. பரங்கிக்காயும் அவ்வாறே பழைய பூசணியின் அருகில் கூரைமேல் படர்ந்தது. இரண்டையும் பூசணி என்ற ஒரே பெயரால் வழங்கும் ஊர்களும் உள. உருளைக்கிழங்கும் கிழங்கன்றோ எனலாம். அதற்கு விடை காலத்தில் உள்ளது. நீலகிரியில் சல்லிவன் 1820-ஐ ஒட்டிக் குடியேற்றம் தொடங்கியபின் மலைத்தோட்டப் பயிராக நம்மிடையே பரவியது அது. ஆங்கிலேயரின் உணவு என்னும் எண்ணமும் அதனுடன் வந்தது. ஆகவே இடமும் காலமும் ஒருங்கே நோக்கப்படுதல் வேண்டும். அவற்றுள் இடமே வலியது என்பது எம் துணிபு.

இத்துணிபு எம் குடும்பத்தையும் சில கோயில்களையும் மட்டும் சார்ந்து எழுந்தது. கொங்குநாட்டில் அரசாணிக்காய் என வழங்கும் பரங்கி அங்குள்ள படையல்களில் எவ்விடம் பெறுகின்றது, யாழ்ப்பாணத்துச் சைவர் நோன்புச் சமையலில் செத்தல் மிளகாய் சேர்ப்பரா, தென்பாண்டிச் சிறுதெய்வப் பொங்கலில் எவை விலக்கு என்பன தொகுக்கப்படின் இது நிற்கும், அன்றேல் வீழும். ஏடு பார்த்து அறியத்தக்கன அல்ல இவை; சமைத்த முதியோரைக் கேட்டே அறியவேண்டும். அன்று வகுப்பில் வினவிய மாணவர் இப்போது தம் ஊர்ப்பக்கத்து மடைப்பள்ளிகளைச் சுற்றி வருகின்றார். எம் பெரியம்மா சென்ற தையில் சொல்லி யாம் எழுதிக்கொண்ட பட்டியல் பதினேழு பொருள்களுடன் நிற்கின்றது. பதினெட்டாவதாகக் கொத்தவரங்காயைக் கூறி, சிறிது எண்ணிப் பார்த்து, "அதை இந்தாத்துக்கு வந்தப்புறந்தான் பார்த்தேன், எங்காத்துல போடமாட்டா" என்றார். அதனைத் தனித்தாளில் குறித்து வைத்துள்ளோம்.