கையேட்டில் இருந்த பெயர்

சில வருடங்களுக்கு முன் லினக்ஸ் பழக வந்த ஒரு பையன், "அண்ணா, ஒரு வார்த்தை எந்த ஃபைல்ல இருக்குன்னு எப்படித் தேடுறது?" என்று கேட்டான். "மேன் பேஜ்ல எல்லாம் இருக்கு, போய்ப் படி" என்றேன். பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. லினக்ஸையும் விட்டுவிட்டான்.

அந்தக் கையேட்டின் வரலாற்றைப் படித்தபோதுதான் என் தவறு உறைத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யுனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கட்டளையின் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்ற அதன் அமைப்பைத்தான் லினக்ஸும் பின்னாளில் எடுத்துக்கொண்டது. 'பிழைகள்' என்ற பகுதியில், தெரிந்த குறைகளை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் 'உரிமையாளர்' என்றொரு பகுதி: சிக்கல் வந்தால் யாரிடம் கேட்கலாம் என்பதற்கான பெயர். படி, புரியாவிட்டால் வந்து கேள் என்றது அந்தக் கையேடு. நான் அதன் முதல் பாதியை மட்டும் சொல்லி விரட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. மேன் பக்கத்தைத் திறக்கக் கட்டளையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு 'கிரெப்' என்ற பெயரே தெரியாது. 1992இல் தொடங்கிய லினக்ஸ் ஆவணத் திட்டம் இதை உணர்ந்திருந்தது. அதன் 'ஹவ்டூ' வழிகாட்டிகள் கட்டளையிலிருந்து அல்ல, செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்கின.

இப்போது யாராவது கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து 'மேன் -கே' என்று தட்டிக் காட்டுகிறேன். பெயர் தெரியாவிட்டாலும் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடலாம். "பாத்துட்டு, புரியலைன்னா என்கிட்ட வா" என்றும் சொல்கிறேன். அவனிடம்தான் சொல்ல முடியவில்லை.