கிணற்று நீரும் முதுகெலும்பும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது வாசகர்கள் அறிந்ததே. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏரியில் மழைநீர் சில மாதங்களே தங்கும். பாறையோடு உறவாட அதற்கு நேரம் போதாது. நிலத்தின் ஆழத்திலுள்ள நீரோ ஆண்டுக்கணக்கில் கல்லிடுக்குகளில் கிடந்து, கல்லிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இந்த வேறுபாடு மனித எலும்பை எப்படி மாற்றிவிடக்கூடும் என்பதைப் பழைய சென்னை மாகாணத்து ஆய்வாளர்கள் கண்டு சொன்ன வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அன்று நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் வறண்ட கிராமங்கள் சிலவற்றில் நடுவயதினருக்கு முதுகு விறைத்துப்போயிற்று. குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது, சிலருக்குக் கால்களே செயலிழந்தன. 1937ஆம் ஆண்டில் ஷார்ட், மெக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர் ஆகிய நால்வர் இந்நோயைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். குற்றவாளி குடிநீரில் கரைந்திருந்த புளோரைடு என்பது அவர்கள் முடிவு.

இந்நோயின் எக்ஸ்ரே படம் விந்தையானது. எலும்பு நோய் என்றால் எலும்பு தேய்ந்து மெலியும் என்றுதானே நினைப்போம்? இங்கோ எலும்பு அடர்ந்து, சுண்ணாம்புக் கட்டி போல் வெண்மையாகத் தெரியும். முதுகெலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் எலும்பாக மாறியிருக்கும். 1932இல் டென்மார்க்கில், கிரையோலைட் என்னும் தாதுவை அரைக்கும் தொழிலாளரிடம் இதே மாற்றம் காணப்பட்டது. அவர்கள் புளோரின் கலந்த தூசியைச் சுவாசித்தவர்கள். நம் விவசாயியோ தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அளவுக்கு மேல் எலும்பு வளர்வது ஏன்? எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் அன்று. அதில் ஓயாமல் வேலை நடக்கிறது. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்து அகற்றுகின்றன. இன்னொரு வகைச் செல்கள் அந்தப் பள்ளத்தில் புது எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்த மனிதனின் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. புளோரைடு கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அதோடு நில்லாமல் எலும்பின் தாதுப் படிகத்துக்குள்ளும் புகுந்து, ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அவசரத்தில் அடுக்கிய செங்கல் போலப் புது எலும்பு ஒழுங்கற்று அமைகிறது. கனம் இருக்கும், உறுதி இராது. முதுகெலும்பின் உட்குழல் குறுகித் தண்டுவடத்தை நெருக்கும்போதுதான் கால்கள் விழுந்துவிடுகின்றன.

கிண்டி கிங் நிலையத்தோடு தொடர்புடைய சி. ஜி. பண்டிட்டும் உடனுழைத்தவர்களும் 1940இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் பல்லில் கறையையும் பெரியவர்களின் எலும்பில் கடும் கேட்டையும் உண்டாக்கும் காரணிகளை ஆராய்ந்தது. பண்டிட் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானவர். உணவில் கால்சியம் குறைந்தவர்களை இந்நோய் கடுமையாகத் தாக்கும் என்பதை இன்று அறிவோம். ஒரே கிணறுதான், ஆனால் பால் மோர் காணாத வீட்டில் கேடு அதிகம்.

1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், புளோரைடு மிகுந்த பகுதி இளைஞர்களிடம் முழங்கால்கள் உட்புறம் வளைந்து முட்டிக்கொள்ளும் கோளாறையும் எலும்பு மெலிவையும் கண்டு எழுதினர். ஆக, கெட்டிப்படுவதும் மெலிவதும் ஒரே நோயில் உண்டு.

ஏரி நீரையே குடித்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். காலராவையும் நரம்புச் சிலந்தியையும் மறந்துவிடக்கூடாது. அவற்றிலிருந்து தப்பத்தான் ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினோம். கிருமி போயிற்று, சில ஊர்களில் புளோரைடு வந்தது. நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து அதை வண்டலோடு இறக்கும் நல்கொண்டா முறையை நாகபுரி தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையம் 1970களில் உருவாக்கியது. வண்டலை எங்கே கொட்டுவது என்பது அதன் தொல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரையே கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நாவுக்கு அது தெரியாது. நீர் தெளிவாகவே இருக்கும். அடுத்தடுத்த இரு கிணறுகளில்கூட அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு கிணற்று நீரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சோதனைக்கு நீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்காமல் பிளாஸ்டிக் புட்டியில் எடுங்கள். கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நீர் ஆவியாகிக் குறையும், புளோரைடு குறையாது. மிஞ்சிய நீரில் அதன் செறிவு முன்னைவிடக் கூடத்தான் செய்யும்.