பாட்டிலா, ஓட்டுநரா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதுவைத் தேடிய சட்டத்தின் வரலாறு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே வரும் வண்டி கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி மண்ணை மிதிக்கிறது. கனகசெட்டிக்குளம் தாண்டியதும் மீண்டும் தமிழ்நாடு. அங்கிருந்து கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம் என உப்பளங்களின் ஓரமாகச் சாலை நீள்கிறது. அரை மணி நேரப் பயணத்துக்குள் மூன்று முறை எல்லை தாண்டும் இந்தச் சாலையில் மதுவைத் தேடும் காவல் புதிதல்ல. ஆனால் அந்தக் காவல் எதைத் தேடியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாக அரசு இங்கே முதன்மையாகத் தேடியது வண்டிக்குள் இருக்கும் பாட்டிலைத்தான். ஓட்டுநரின் இரத்தத்தில் இருக்கும் மதுவைத் தேடும் சட்டம் தனியே, மெதுவாக, வேறொரு பாதையில் வளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே போனதுதான், குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுக்கும் முயற்சி இக்கரையோரத்தில் நலிந்து கிடப்பதற்குக் காரணம் என்பது என் வாதம்.

பாட்டில் தேடிய வரலாறு மதுவிலக்கோடு தொடங்குகிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்போது தென்னார்க்காடு மாவட்டத்துக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடந்த புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று அது இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் மதுவிலக்கு அங்கே வரவில்லை. ஆக, 1971இல் கருணாநிதி அரசு விலக்கைத் தளர்த்தும்வரை, ஒரு பக்கம் மது விற்காத ஊர்களும் மறுபக்கம் திறந்த மதுக்கடைகளும் அடுத்தடுத்து இருந்தன. பின்னர் தமிழ்நாட்டின் கொள்கை பலமுறை புரண்டது: 1974க்குள் மறுபடி விலக்கு, 1981இல் மறுபடி தளர்வு, 1983இல் மொத்த விற்பனைக்கு அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கையில். இத்தனை புரட்டலிலும் மாறாதது ஒன்று உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு, விலை மலிவு. அங்கு வாங்கிய சரக்கை இங்கு கொண்டுவருவது குற்றம். விலக்கு இருந்தபோது சட்டத்தைக் காக்கவும், விலக்கு போனபின் வருவாயைக் காக்கவும் ஒரே சோதனை நடந்தது. டிக்கியைத் திற, இருக்கைக்கு அடியில் பார், ஸ்டெப்னியைத் தட்டு. சோதனை முடிந்து கைகாட்டப்படும் ஓட்டுநர் புதுச்சேரியிலேயே குடித்து முடித்திருந்தால், அவரிடம் பறிமுதல் செய்ய ஒன்றும் இருக்காது.

ஓட்டுநரைத் தேடிய சட்டமோ வேறு ஊற்றிலிருந்து வந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. அளவுகோல் மனிதக் கண். தள்ளாடினாரா, நாக்கு குழறியதா, வாடை அடித்ததா என்பதெல்லாம் சாட்சியம். இந்தச் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதை 1971இல் பச்சுபாய் கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியது: இரத்தப் பரிசோதனை இல்லாத நிலையில், வாடையும் தள்ளாட்டமும் விரிந்த கண்மணியும் மட்டுமே ஒருவர் போதையில் ஓட்டினார் என்று முடிவுகட்டப் போதாது. நார்வே இதற்கு 35 ஆண்டுகள் முன்பே, 1936இல், இரத்தத்தில் இன்ன அளவுக்கு மேல் மது இருந்தாலே குற்றம் என்று எண்ணால் எல்லை வகுத்துவிட்டது. இந்தியாவில் இன்று வழங்கும் எல்லை, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் 1994இல் வந்த திருத்தத்தால் அமைந்தது: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது ஊதிப் பார்க்கும் கருவியால், 2019 திருத்தத்துக்குப் பின் ஆய்வகச் சோதனை போன்ற வேறு சோதனையாலும், கண்டறியப்பட வேண்டும். எண் கடுமையானதுதான், பிரிட்டன் 1967இல் வைத்தது 80. ஆனால் சாலையோரத்தில் எண் கருவியோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. கருவி இல்லாத இடத்தில் அந்த எண்ணுக்கு உயிர் இல்லை.

அந்த எண் உடலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் உப்பளக் கரையின் ஆபத்து அதில்தான் ஒளிந்திருக்கிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் இருக்கும் மது, இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ 2100இல் ஒரு பங்கு என்று கொண்டே கருவி கணக்கிடுகிறது; அதனால்தான் ஓட்டுநரை விடாமல் நீளமாக ஊதச் சொல்கிறார்கள். கல்லீரல் மதுவை எரிப்பதோ தன் வேகத்தில்தான், சராசரியாக 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு மணிக்கு 15 மில்லிகிராம் அளவுக்கு. காப்பியும் குளியலும் எலுமிச்சைச் சாறும் அதைக் கூட்டுவதில்லை. புதுச்சேரியில் நள்ளிரவில் இரத்த மது 120 மில்லிகிராமில் இருக்கக் குடிப்பதை நிறுத்திய ஒருவர், நான்கு மணி நேரம் தூங்கி, முகம் கழுவி, தெளிவாக இருப்பதாக நம்பி வண்டியை எடுக்கும்போது அவர் இரத்தத்தில் இன்னும் 60 இருக்கும். சட்ட எல்லைக்கு இருமடங்கு. வாடை குறைந்திருக்கும், தள்ளாட்டம் இருக்காது. கண்ணால் பார்க்கும் காவலர் அவரை விட்டுவிடுவார். அந்த நேரத்தில்தான், வெயில் ஏறுவதற்குள் வேலை முடிக்க வேண்டும் என்று, உப்பளத் தொழிலாளர்கள் இருட்டிலேயே சாலையோரம் நடந்தும் சைக்கிளிலும் பாத்திக்குப் போகிறார்கள். 2002இல் சுங்கச் சாலையாகி வேகம் கூடிய இந்த வழியில் அவர்கள் ஓரத்தில்தான் இருக்கிறார்கள், இருட்டில், வெறும் உடம்போடு.

இரண்டு பாதைகளும் சந்திக்கும் வாய்ப்பு 2016 டிசம்பர் 15 அன்று வந்தது. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. சாலை விபத்தைக் காரணம் காட்டி மதுவைக் கட்டுப்படுத்திய இந்தத் தீர்ப்பின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். சாலையில் போகிறவன் கண்ணில் கடையே படாமல் இருப்பது, போகிற போக்கில் வாங்கிக் குடிக்கும் பழக்கத்தைக் குறைத்திருக்கும். ஆனால் இங்கேயும் தேடப்பட்டது பாட்டில் இருக்கும் இடம்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காருக்கு 500 மீட்டர் என்பது அரை நிமிடம். கடைகள் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் நகர்த்தப்பட்டபோது அதன் சுமையை ஏற்றவர்கள் கிராமத்துப் பெண்கள். திருப்பூர் அருகே சாமளாபுரம் உட்பட ஊர் ஊராக அவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். 2017 மார்ச் 31 அன்றே 20,000க்கும் குறைவான மக்கள் வாழும் இடங்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது; ஜூலையில் நகராட்சிப் பகுதிகளுக்கு விதிவிலக்கும் வந்தது. ஓட்டுநரை நிறுத்தி ஊதச் சொல்லும் வேலை முன்பு இருந்தபடியே இருந்தது.

அப்படியானால் முழு மதுவிலக்கே தீர்வு என்பவர்கள் உண்டு. அவர்கள் வலி உண்மையானது. குடியால் சிதைந்த வீடுகளை அறிந்தவர்களே பெரும்பாலும் அப்படிப் பேசுகிறார்கள். ஆனால் இந்தக் கரையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. எல்லைக்கு அப்பால் கடை திறந்திருக்கும்வரை, இங்கே விலக்கு வந்தால் குடிக்கப் போகிறவர்கள் வண்டியில்தான் போவார்கள், வண்டியில்தான் திரும்புவார்கள். இன்னொன்று, 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் மீனவக் குடும்பங்களைச் சூறையாடியது. பாட்டிலைத் தேடும் காவல் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், அதன் ஓட்டைகளுக்கு விலை கொடுப்பவர்கள் ஏழைகள்தான்.

அபராதத்தைக் கூட்டினால் போதும் என்பது அடுத்த வாதம். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் முதல் குற்றத்துக்கான அபராதத்தை 2,000இலிருந்து 10,000 ரூபாய்க்கு உயர்த்தியது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் அதை நடைமுறைப்படுத்தியது. பல அபராதங்கள் கட்டப்படாமல் தேங்கவே, நீதிமன்ற ஆணை பெற்று வாகனங்களைப் பறிமுதல் செய்வோம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவிக்க வேண்டியதாயிற்று. அபராதம் மட்டும் போதாது என்பதையே உலக அனுபவமும் சொல்கிறது. பிரிட்டனில் 1967 அக்டோபரில் ஊதும் கருவி வந்ததும் வார இறுதி இரவு விபத்துகள் சடாரென விழுந்தன. பிடிபடுவது அரிது என்று ஓட்டுநர்கள் கண்டுகொண்டதும் பலன் தேய்ந்தது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன்ஸ் ராஸ் ஆராய்ந்து காட்டினார். மாறாக, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைக் கொண்டுவந்து, அதை ஆண்டு முழுவதும் விடாமல் நடத்தியது. சாலை மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, குறைவு நிலைத்தும் நின்றது. ஓட்டுநரை அஞ்சவைப்பது தண்டனையின் அளவைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே.

மூன்றாவது மறுப்பு எண்களிலிருந்து வருகிறது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளில் குடிபோதையால் நேர்ந்த மரணங்கள் சில விழுக்காடுதான்; பெரும்பகுதி அதிவேகத்தின் கணக்கில் ஏறுகிறது. ஆனால் ஒரு விபத்துக்கு ஒரே காரணம் எழுதும் படிவத்தில், ஊதிப் பார்க்காத ஓட்டுநரின் மது எந்தக் கட்டத்திலும் விழாது. வேகமும் மதுவும் ஒரே ஆளிடம் கூடியிருந்தாலும் எழுதப்படுவது வேகம். சோதனை குறைவாக இருப்பதால் எண் குறைவு. எண் குறைவாக இருப்பதால் சோதனை தேவையில்லை என்பது சுற்றிச் சுற்றி வரும் வாதம்.

அப்படி எல்லாரையும் ஊதச் சொல்வதற்கான தடை சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவு, ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால்தான் ஊதச் சொல்லும் அதிகாரத்தை அளிக்கிறது. விடியலில் தெளிவாகத் தோன்றும் அந்த 60 மில்லிகிராம் ஓட்டுநர் மீது சந்தேகம் எழவே எழாது. அப்பாவிகளைத் தொந்தரவு செய்யாதிருக்கவே இந்த நிபந்தனை என்பார்கள். டிக்கியைத் திறக்கச் சொல்வதைவிட ஒரு மூச்சு ஊதச் சொல்வது பெரிய தொந்தரவு அல்ல. எல்லாரையும் கேட்டால் எவரையும் அவமதித்ததாகவும் ஆகாது. சந்தேக நிபந்தனையை நீக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தின் வேலை. அதற்கு முன்பே செய்யக்கூடியது, மதுவிலக்கு அமல் பிரிவின் எல்லைச் சோதனையில் ஒரு ஊதும் கருவியையும் சேர்ப்பதும், அதை நள்ளிரவோடு முடிக்காமல் அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரை நீட்டிப்பதும், காலாப்பட்டில் புதுச்சேரிக் காவலும் அனுமந்தையில் விழுப்புரம் மாவட்டக் காவலும் ஒரே இரவில் நிற்பதும். டிக்கியைத் திறக்க நிறுத்தப்பட்ட வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறது.